குகைக்குள் வைத்த பத்திரிகை

கல்யாணப் பத்திரிகை வைப்பதற்காகத் திண்டுக்கல்லிலிருந்து அதிகபட்சம் மதுரை வரை போயிருக்கிறேன். என் மகள் கல்யாணத்துக்குப் பினாங்கு வரை போக வேண்டியதாகிவிட்டது. மணப்பெண்ணுக்குத் தாய்மாமன் ஒருவன்தான், என் அண்ணன் ராஜேந்திரன். அவன் அங்கே இருக்கிறான். எனக்கும் அவனுக்கும் ஐந்து வருடமாகப் பேச்சு கிடையாது.

“தபால்ல அனுப்பினா வரமாட்டான். நேர்ல போய்த் தட்டுல வச்சுக் குடு” என்றார் என் கணவர். சொல்லிவிட்டு அவர் ஊரிலேயே இருந்துகொண்டார்.

சண்டை எதற்கு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விமானங்கள் எல்லாம் நின்றுபோயிருந்த காலத்தில் எங்கள் அப்பா இறந்தார். அண்ணனால் வர முடியவில்லை. சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரு பத்திரிகை அடித்தோம். தாளில் போனதைவிட வாட்ஸ்அப்பில் போனதுதான் அதிகம். அதில் ஒரே மகனான ராஜேந்திரன் பெயர் இல்லை. அச்சகத்தான் விட்டுவிட்டான் என்று நான் சொன்னேன். அண்ணன் நம்பவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

விமான நிலையத்துக்கு அண்ணி பரமேஸ்வரி மட்டும் வந்திருந்தார். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒரு கையில் கார் சாவி, இன்னொரு கையில் எனக்காகப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய ஐஸ் மைலோ பானம்.

“அண்ணன் எங்க அண்ணி?”

“குகை கிளப்பு மீட்டிங் லா.”

மலேசியாவில் குகை என்றால் எனக்கு முருகன்தான். “சாமி கும்பிடுற கிளப்பா?” என்றேன்.

“சாமி இல்ல வாசுகி. வௌவாலு.”

காரிலேயே விவரம் தெரிந்தது. அண்ணன் வேலை பார்க்கும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் யாரோ ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைக் குகைக்குக் கூட்டிப்போனார். கூட்டிப்போனவர் அதோடு விட்டுவிட்டார். அண்ணன் விடவில்லை. மாதம் இரண்டு முறை நல்ல சட்டையோடு போய்ச் சேற்று உருண்டையாகத் திரும்புகிறானாம். “பொம்பளை சகவாசமோன்னு சந்தேகப்பட்டுப் பின்னாலயே போனேன். அப்புறம் நானும் மெம்பர் ஆயிட்டேன்” என்றார் அண்ணி.

பாயான் பாருவில் அவர்கள் வீடு பதினான்காவது மாடி. மூன்று ஜோடி காலணிகளுக்குப் பக்கத்தில் நான்கு ஹெல்மெட்டுகள் வரிசையாக இருந்தன. அண்ணன் சோபாவில் உட்கார்ந்து கயிறு ஒன்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு சமையலறையைப் பார்த்து, “பரமேஸ், வந்தவங்களுக்குத் தண்ணி குடு” என்றான்.

இரவுச் சாப்பாடு முழுக்க இப்படியே நடந்தது. “பரமேஸ், ரசம் வேணுமான்னு கேளு.” “வேணாம்னு சொல்லுங்க அண்ணி.” மூன்றடி மேசை அது. அண்ணி இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் குளித்து, பட்டுச் சேலை கட்டி, தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம், பத்திரிகை எல்லாம் வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். அண்ணன் குளியலறைக்குள் போனான். இருபது நிமிடம் வாசலில் நின்றேன். வெளியே வந்தவன் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு லிஃப்டை நோக்கி நடந்தான். எங்கள் பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாத பையன்கள் இப்படித்தான் என்னைக் கண்டதும் நடப்பார்கள். இருபத்தெட்டு வருடமாகக் கணக்கு டீச்சர் நான். துரத்தவும் தெரியும். ஆனால் பட்டுச் சேலையில் துரத்த முடியாது.

“வா, ஜமால் பாய் கடைக்குப் போவோம். வழி சொல்லுவாரு” என்றார் அண்ணி.

ஜார்ஜ் டவுனில் ஒரு மூலைக்கடை. ஜமால் பாய் அதன் முதலாளி, குகை கிளப்பின் செயலாளர். அறுபது வயது. உடம்பும் கடையைப் போலவே தாராளம். தட்டில் சோற்றை வைத்து மேலே ஐந்து வகைக் குழம்பை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றினார். இதற்கு ‘பாஞ்சிர்’ என்று பெயராம். மலாய் மொழியில் வெள்ளம். எங்கள் ஊரில் மீன் குழம்பையும் கறிக்குழம்பையும் ஒரே இலையில் கலந்தால் மாமியார் எழுந்து போய்விடுவார். இங்கே கலக்காவிட்டால்தான் மரியாதைக் குறைவு. முதல் வாய் சந்தேகத்தோடு சாப்பிட்டேன். இரண்டாம் தட்டை நானே கேட்டு வாங்கினேன்.

நான் சாப்பிடச் சாப்பிட ஜமால் பாய் கிளப்பின் சமீபத்திய சாகசங்களை எடுத்துவிட்டார்.

“போன மாசம் பெர்லிஸ் பக்கம் போனோம் தங்கச்சி. உங்க அண்ணன் உள்ள போனா பாடுவாரு. எதிரொலி நல்லா இருக்குமாம். அன்னிக்குத் தத்துவப் பாட்டு. அந்தப் பக்கம் வேற ஒரு குரூப்பு வந்துட்டு இருந்திருக்கு. எங்களுக்குத் தெரியாது. பாட்டைக் கேட்டதும் ஹந்து ஹந்துன்னு கத்திக்கிட்டே ஓடிட்டானுங்க.”

“ஹந்துன்னா?”

“பேய்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “சாப்பாட்டுப் பொட்டலத்தைப் போட்டுட்டுப் போயிட்டானுங்க. ஆறு பொட்டலம். கூப்பிட்டுப் பார்த்தோம், வரல. உணவை வீணாக்கக் கூடாது இல்ல?”

அதற்கு முந்தைய பயணத்தில் ஜமால் பாயே வௌவால் எச்சத்தில் இடுப்பு வரை இறங்கிவிட்டாராம். பினாங்குத் தீவுக்குத் திரும்பும்போது படகில் அவரைச் சுற்றி முப்பது இருக்கை காலி. “கப்பலே எனக்கு மட்டும் ஓடின மாதிரி இருந்துச்சு. ராஜா மாதிரி வந்தேன்.”

பிறகு என் விஷயத்துக்கு வந்தார். விரலை நக்கி முடித்து, நீதிபதி போலச் சொன்னார்: “வீட்டுல குடுத்தா பாத்ரூமுக்கு ஓடுவாரு. கடையில குடுத்தா ரோட்டுக்கு ஓடுவாரு. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. குகைக்கு வாங்க. உள்ள வச்சுக் குடுங்க. எங்க ஓடுவாரு?”

அண்ணி மேசையைத் தட்டினார். மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கும் குழாய்க்குள் போகவே இரண்டு முறை தேதி மாற்றியவள் நான்.

“சின்ன குகைதான் வாசுகி. புதுசா வர்றவங்களுக்கு உள்ளது. ஒரே ஒரு எடத்துல மட்டும் கொஞ்சம் படுத்துப் போவணும்.”

“எவ்வளவு கொஞ்சம்?”

“அந்த எடத்துக்கு ‘பாய் டெஸ்ட்’னு பேரு” என்றார் ஜமால் பாய், தன் வயிற்றைத் தட்டிக்கொண்டே. “நானே போயிட்டு வந்துட்டேன். நீங்க எம்மாத்திரம்?”

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணியின் கால்சட்டையும் அண்ணனின் பழைய டி-ஷர்ட்டும் போட்டுக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தபோது தண்ணீர் லாரி ஓட்டுகிறவர் போல இருந்தேன். இடுப்பில் ஒரு பை. அதற்குள் பிளாஸ்டிக் உறையில் பத்திரிகை, பாக்கு, வெற்றிலை, குங்குமச் சிமிழ், ஒரு சின்ன எவர்சில்வர் தட்டு. தட்டு வேண்டாம் என்று அண்ணி சொன்னார். தாய்மாமனுக்குத் தட்டில்லாமல் எப்படி வைப்பது? பாறைமேல் வைத்துக் கொடுக்கச் சொல்கிறாரா?

கிளப்பின் வேன் கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் ஜமால் பாயின் மச்சான் வீட்டில் நிற்கும். அதனால் முதலில் படகு. படகிலிருந்து இறங்கியதும் அண்ணன் வேனின் முன் இருக்கையில் ஏறி, கண்ணை மூடிக்கொண்டான். “பரமேஸ், ஷூ கயிறு இறுக்கமா கட்டணும்னு சொல்லு” என்றதோடு சரி.

வேனில் ஏறியதும் ஒரு பெரிய கயிற்றை என் கையில் கொடுத்தார்கள். குகைக்கு என்று நினைத்தேன். கதவுக்காம். சறுக்குக் கதவு பூட்டாது. நானும் அண்ணியும் ஒன்றரை மணி நேரம் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டே போனோம். ஒவ்வொரு வளைவிலும் கதவு ஒரு சாண் திறந்து, கெடா மாநிலத்தின் வயல்களைக் காட்டிவிட்டு மூடும். நல்ல பச்சை.

எங்கள் தலைவி வேனில் பின்னால் உட்கார்ந்து தூங்கினார். மெய் லிங் என்ற சீனப் பெண். முப்பத்தைந்து வயது இருக்கும், பல் டாக்டர். தமிழில் அவருக்கு ‘வாயைத் திறங்க’, ‘வலிக்குதா’ இரண்டும் தெரியும். மற்றதெல்லாம் மலாய். அண்ணிதான் மொழிபெயர்ப்பு.

வயலுக்கு நடுவே சுண்ணாம்புக்கல் மலை திடீரென்று எழுந்து நின்றது. அடிவாரத்தில், ஒரு ரப்பர் மரத்துக்குப் பின்னால், ஆள் குனிந்து போகும் அளவுக்கு ஒரு வாய். ஜமால் பாய் வெளியே தங்கினார். ஒருவர் எப்போதும் வெளியே இருக்க வேண்டும் என்பது கிளப்பின் சட்டம். மழை வந்தால் மூன்று முறை விசில் ஊதுவார். விசில் கேட்டால் எந்தக் கேள்வியும் இல்லாமல் திரும்ப வேண்டும். உள்ளே ஓர் ஓடை இருக்கிறது. மலைமேல் பெய்கிற மழை அதற்குள்தான் வரும்.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. அதற்கு நான் தயாராகவே இல்லை. பதினைந்து நிமிடம் நடந்தோம், ஏறினோம், இறங்கினோம். பிறகு ‘பாய் டெஸ்ட்’. பாறையின் அடியில், சாப்பாட்டு மேசைக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளியில் பாதி. ஆறேழு அடி நீளம். கீழ்நோக்கிச் சரிவு. இடுப்புப் பையை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டு, முருகா என்று வயிற்றால் சறுக்கினேன். கூரை பையை உராய்ந்தது, ஆனால் விட்டது. அந்தப் பக்கம் போய் எழுந்தபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்தொரு வயதில் சறுக்குமரம்!

அப்பால் ஒரு பெரிய கூடம். எங்கள் பள்ளிப் பிரார்த்தனை மண்டபத்தைவிட உயரம். கூரையிலிருந்து கல் திரைச்சீலை மாதிரி தொங்கியது. மெய் லிங் எல்லா விளக்கையும் அணைக்கச் சொன்னார். அணைத்தோம். என் கையை என் மூக்குக்கு முன்னால் ஆட்டினேன், இல்லை. எங்கோ ஒரு சொட்டு விழுந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று. அண்ணன் பாடவில்லை. அவன் மூச்சு மட்டும் கேட்டது, என் பக்கத்திலேயே.

இதுதான் சமயம் என்று பையை முன்பக்கம் இழுத்தேன். ஜிப்பைத் தொட்டேன். “அண்ணே” என்று வாயெடுத்தேன்.

விசில் கேட்டது. மூன்று முறை.

விளக்குகள் எரிந்தன. யாரும் ஓடவில்லை, கத்தவும் இல்லை. ஆனால் எல்லோருடைய கைகளும் சட்டென்று வேகமாகிவிட்டன. முதலில் அண்ணன், பிறகு நான், எனக்குப் பின்னால் அண்ணி, கடைசியாக மெய் லிங். ‘பாய் டெஸ்டி’ல் அண்ணன் பாம்பு மாதிரி ஏறி மறைந்தான். நான் தலையை விட்டேன், தோளை விட்டேன், பாதி உடம்பை விட்டேன். அதற்குமேல் போகவில்லை.

பையைத் திருப்பிப் போட மறந்திருந்தேன். பத்திரிகையும் பாக்கும் எவர்சில்வர் தட்டும் என் வயிற்றுக்கும் பாறைக்கும் நடுவே ஆப்பு அடித்ததுபோல் உட்கார்ந்துவிட்டன. முன்னால் தள்ளினால் தட்டு குத்தியது. பின்னால் தள்ளினால் ஹெல்மெட் இடித்தது. என் காலுக்குப் பின்னால் இரண்டு பெண்கள். அவர்கள் வெளியே போக வேறு வழி இல்லை. நான்தான் மூடி.

மெய் லிங் பின்னாலிருந்து மலாயில் ஏதோ சொன்னார்.

“என்ன சொல்றாங்க அண்ணி?”

“தண்ணி கொஞ்சமா வருதாம். கணுக்கால் அளவுதான். அவசரமில்லையாம்.”

(முழங்கால் அளவு, சீக்கிரம் என்று சொன்னார் என்பது வெளியே வந்த பிறகு தெரிந்தது.)

அண்ணனின் முகம் எனக்கு முன்னால் ஓர் அடி தூரத்தில் வந்தது. அவனும் படுத்திருந்தான். அவன் விளக்கு என் கண்ணில் அடித்தது. என் தலைக்கு மேலே பார்த்துச் சத்தமாகச் சொன்னான்: “பரமேஸ், அவளை இடது கையை முன்னால நீட்டச் சொல்லு.”

பின்னாலிருந்து பதில் வரவில்லை. தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

“பரமேஸ்!”

“நீங்களே சொல்லுங்க!” அண்ணியின் குரல் பாறைக்குள் அதிர்ந்தது. “நான் தண்ணிக்குள்ள நிக்கிறேன். இனிமே ஒரு வார்த்தை மாத்திச் சொல்ல மாட்டேன். போதும்!”

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் மூக்கு நுனியில் சேறு இருந்தது.

“வாசு,” என்றான். “மூச்சை வெளிய விடு.”

ஐந்து வருடத்துக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள் இவைதான். மூச்சை விடச் சொன்னான். எனக்கு அழுகை வந்தது. அழுதால் நெஞ்சு விரியும், இன்னும் இறுகும். “அழாதே, அழாதே, அழுதா மாட்டிக்குவே” என்று பதறினான்.

“அச்சகத்தான் விடல அண்ணே.” நான் அதைச் சொல்லத் திட்டமிடவே இல்லை. “நான்தான் உன் பேரை எடுக்கச் சொன்னேன்.”

அவன் தன் விளக்கை என் கண்ணிலிருந்து திருப்பினான்.

“மூணு நாள் ஆஸ்பத்திரி வாசல்ல தனியா நின்னேன். உள்ள விடல. நீ வர முடியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கோபம்.”

பின்னால் மெய் லிங் ஏதோ கேட்க, அண்ணி ஒரே வார்த்தையில் அடக்கினார்.

“அப்பா போன அன்னிக்கு நான் ஏர்போர்ட்டுக்குப் போனேன் வாசு,” என்றான் அண்ணன். “மூடியிருக்குன்னு தெரியும். தெரிஞ்சும் பையைத் தூக்கிட்டு நடந்தே போனேன். போலீஸ்காரன் பாவம், சின்னப் பையன். வீட்டுக்குப் போங்க அங்கிள்னு திருப்பி அனுப்பிட்டான்.”

பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டான். “இடுப்புல என்ன வச்சிருக்கே?”

“பை.”

“உள்ள?”

“பத்திரிகை. தட்டு.”

“தட்டா? எவர்சில்வர் தட்டா? குகைக்குள்ளயா?” அவன் முகம் கோணியது. சிரிப்பா கோபமா என்று சேற்றில் தெரியவில்லை. “கொக்கியைக் கழட்டு. இடது கையை உள்ள விடு. முழுசா மூச்சை விட்டுட்டுப் பையை இழு. அப்படியே எங்கிட்ட குடு.”

விட்டேன். இழுத்தேன். முழங்கையின் தோல் உரிந்தது. பை கழன்று வந்தது. கையை நீட்டினேன். அவன் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான்.

“வாங்கிட்டாரா?” அண்ணி பின்னாலிருந்து கத்தினார். “ரெண்டு கையாலயும் வாங்கினாரா?”

“ஆமா அண்ணி!”

“அப்ப பத்திரிகை வச்சாச்சு! மெய் லிங், நீ சாட்சி!”

அண்ணன் என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து இழுத்தான். அண்ணி என் பாதங்களைத் தள்ளினார். நான் பிறந்தபோதுகூட இவ்வளவு பேர் சிரமப்பட்டிருக்க மாட்டார்கள். எனக்குப் பின்னால் அண்ணி வந்தார், இடுப்புக்குக் கீழே நனைந்து. அவருக்குப் பின்னால் மெய் லிங் வந்து என்னை நிமிர்த்தி உட்காரவைத்து, தமக்குத் தெரிந்த தமிழில் பாதியைச் செலவழித்தார்: “வலிக்குதா?”

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஜமால் பாய் தார்ப்பாய்க்கு அடியில் முகம் வெளுத்து நின்றார். நாங்கள் நான்கு பேரும் வெளியே வந்த பிறகுதான் வாயிலிருந்த விசிலை எடுத்தார். அதுவரை மூச்சு விடும்போதெல்லாம் அது லேசாகப் பீய்ங் என்றது.

பத்து நிமிடத்தில் குகையின் வாயிலிருந்து காபி நிறத்தில் தண்ணீர் வழிந்து வந்தது. நாங்கள் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி அதைப் பார்த்தோம். மெய் லிங் ஒரு கோழிக்காலைக் கடித்தபடி ஏதோ சொன்னார். இந்த முறை அண்ணி சரியாக மொழிபெயர்த்தார்: “இனிமே கிளப்புல பாத்திரம் கொண்டுவரக் கூடாதுன்னு ஒரு சட்டம் போடணுமாம்.”

பத்திரிகை விஷயம் அதோடு முடியவில்லை. “அது ஆபத்துக்கு வாங்கினது. முறைப்படி வாங்கினது ஆகாது” என்றான் அண்ணன். “ரெண்டு கையால வாங்கினா ஆகும்” என்றார் அண்ணி. தீர்ப்பு ஜமால் பாயிடம் போனது. அவர் யோசித்தார். “தங்கச்சி படுத்துக்கிட்டு குடுத்துச்சு. நீங்க படுத்துக்கிட்டு வாங்குனீங்க. ரெண்டு பேரும் சமம். செல்லும்.”

அண்ணன் பையைத் திறந்தான். வெற்றிலை கூழாகியிருந்தது. குங்குமம் எல்லாவற்றின்மேலும் அப்பியிருந்தது. தட்டு நடுவில் வளைந்திருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரிகை மட்டும் நனையாமல் இருந்தது. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, மழைக்கு முதுகைக் காட்டி நின்று, ஒவ்வொரு வரியாகப் படித்தான். ‘தாய்மாமன்’ என்ற இடத்தில் அவன் கண் நின்றதை நான் பார்த்தேன். மடித்து உள்ளே வைத்தான்.

“எத்தனை நாள் லீவு போடணும் பரமேஸ்?” என்றான். பிறகு தானே திருத்திக்கொண்டு என்னிடம் கேட்டான்: “எத்தனை நாள் முன்னாடி வரணும்?”

திரும்பும்போது படகில் மாலை வெயில் இருந்தது. எங்கள் ஐந்து பேரைச் சுற்றியும் இருக்கைகள் காலியாகின. எதிரே இருந்த ஒரு மலாய்ப் பாட்டியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டே எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார். ஜமால் பாயும் மெய் லிங்கும் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். அண்ணி ஷூவைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினார். அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து நின்றான். நான் அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

“அப்பா கடைசியா என்ன சொன்னாரு?”

கடலைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டான். ஐந்து வருடமாக இதைக் கேட்க அவனுக்கு ஆளே இல்லாமல் போயிருந்தது.

ஏதாவது நல்லதாகச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ராஜேந்திரனைப் பார்க்கணும் என்றார், உன் பெயரைத்தான் சொன்னார் என்று. ஆனால் அன்றைக்கு ஒருமுறை உண்மையைச் சொல்லியாகிவிட்டது, பழக்கம் விடவில்லை.

“ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போது பேசினதுதான். என்னைக் கிட்ட கூப்பிட்டாரு. குனிஞ்சேன்.”

“ம்.”

“மோட்டாரை ஆஃப் பண்ணிட்டியான்னு கேட்டாரு.”

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். “தண்ணி மோட்டாரா?”

“ஆமா. தொட்டி நிறைஞ்சு வழியுமாம்.”

அவன் தோள் குலுங்கத் தொடங்கியது. முதலில் சிரிப்பு என்றுதான் நினைத்தேன். சிரிப்புத்தான். கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, சேற்றுச் சட்டை குலுங்கக் குலுங்கச் சிரித்தான். எனக்கும் தொற்றிக்கொண்டது. பிறகு அவன் முகத்தைத் துடைத்தபோது காய்ந்திருந்த சேறு இரண்டு கன்னத்திலும் மறுபடி ஈரமாகியிருந்தது.

“ஆஃப் பண்ணியிருந்தியா?” என்று கேட்டான்.

“இல்ல அண்ணே. மறந்துட்டேன்.”

“வழிஞ்சுச்சா?”

“தெருவே நனைஞ்சு போச்சு.”